வேர்ப் பக்கம்

ஒட்டின் ஓரத்தில் ஒரு முடி நீட்டிக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்ததும் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. விக் கட்டுகிறவள் வீட்டில் முடிக்கு என்ன பஞ்சம்? தலையணையில் முடி, சோப்பில் முடி, மடித்து வைத்த துணிக்குள் முடி, வாயில் வைத்த ரொட்டிக்குள்ளும் முடி. முன்னறையில் உட்கார்ந்து, வலைத் துணியில் கொக்கி ஊசியால் ஒவ்வொரு முடியாக இழுத்து முடிச்சுப் போடுகிற தொழில் அவளுடையது. எவ்வளவு பெருக்கினாலும் தீராது என்று அவள் என்றோ கைகழுவிவிட்டாள். அதனால் கணவரின் இடது புஜத்தின் பின்பக்கம், சர்க்கரை அளக்கிற அந்த வட்டச் சென்சாரைச் சுற்றியிருந்த ஒட்டுத் துணிக்கு அடியிலிருந்து கறுப்பாக ஒன்று எட்டிப் பார்த்ததும், வழக்கம்போல இரண்டு நகங்களுக்கு நடுவில் பிடித்து இழுத்தாள்.

வரவில்லை. அவர்தான் ஸ்ஸ் என்று கையை இழுத்துக்கொண்டார்.

"ஒட்டியிருக்கிற முடியைத்தானே இழுத்தேன். அதுக்கு எதுக்கு இந்த நடிப்பு?"

"இல்லடி, உள்ள இழுத்துச்சு."

"உங்களுக்கு உடம்புல முடின்னு ஒன்னு இருந்தாத்தானே வலிக்கிறதுக்கு."

அவர் சிரித்தார். கல்யாணத்துக்கு முன்பே வழுக்கை விழுந்த மனிதர். விக் கட்டுகிறவளைக் கட்டிக்கொண்டும் ஒரு நாள்கூடத் தலையில் ஒன்றை வைத்துக்கொள்ளாதவர். வீடு முழுக்கச் சீப்பு கிடக்கிறது, எனக்குத்தான் ஒன்றும் உபயோகமில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அவள் அவருக்கு வைத்த பெயர் கண்ணாடி. அவர் அவளுக்கு வைத்த பெயர் டோப்பா மகாராணி.

ஞாயிற்றுக்கிழமை மதியம். வெளியே மழை பெய்துகொண்டிருந்ததால் சன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். சாத்திய வீட்டுக்குள் அந்த வாடை இன்னும் நன்றாகத் தெரிந்தது. ஈரத் தலையோடு படுத்த தலையணை, நாலு நாள் அவிழ்க்காத பின்னலின் அடி, அந்த மாதிரி வாடை. முன்னறையிலிருந்து வருகிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். இப்போது அவருடைய கைக்கு மேல் குனிந்தபோது அது நேராக மூக்கில் ஏறியது. சீ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இன்றைக்குள் அதைக் கழற்றியே ஆகவேண்டும். அவர் பஸ் ஓட்டுகிறவர். சர்க்கரை இருக்கிற டிரைவரை டிப்போ டாக்டர் பார்த்துச் சரி என்றால்தான் ஸ்டியரிங்கில் உட்கார விடுவார்கள். நாளை காலை அந்தப் பரிசோதனை. பழைய சென்சாரைக் கழற்றிவிட்டு, தோலைச் சுத்தமாகத் துடைத்துக்கொண்டு வந்தால் டாக்டரே புதியதை ஒட்டுவார். கையில் புண், சீழ் என்று ஏதாவது இருந்தால் மனிதரை பஸ்ஸிலிருந்து இறக்கி, சீட்டுக் கிழிக்கிற மேஜையில் உட்கார வைத்துவிடுவார்கள். மேஜையில் உட்கார வைத்தால் இவர் ஒரே வருஷத்தில் வற்றிப்போவார் என்பது அவளுக்குத் தெரியும். நேற்றே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் சொன்னதற்கு அவர் ஒத்துக்கொள்ளாததும் அதனால்தான்.

"ஒரு ஸ்டிக்கர் பிய்க்கிறதுக்கு ஆஸ்பத்திரியா? விஷயம் டிப்போவுக்குப் போச்சுன்னா முடிஞ்சுது. நீயே எடு. பசை எல்லாம் உனக்குத் தெரியாததா?"

அதுதான் அவளுக்கு உறுத்தியது. பசை அவளுடையது.

சென்சார் ஒட்டிய மறுநாளே வியர்வையில் அதன் ஓரம் கிளம்பிவிட்டது. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று அவர் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். விக்கின் முன் ஓரத்தை நெற்றியில் ஒட்டுகிற பசை அவள் கையருகிலேயே இருந்தது. தோலுக்கென்றே செய்த பசைதானே என்று பிரஷால் இரண்டு இழுப்பு இழுத்து அமுக்கிவிட்டாள். அப்போதுதான் வேறொரு விக்கின் ஓரத்துக்குப் பூசியிருந்த பிரஷ். ஒரு தலைக்குத் தொட்ட பிரஷைக் கழுவாமல் அடுத்த தலைக்குத் தொடக்கூடாது என்று, தன்னிடம் வேலை பழகிய பெண்களை அழவைக்கிற அளவுக்குத் திட்டியவள் அவள். அன்றைக்கு அவளே கழுவவில்லை.

அந்த விக்கை நினைத்தாலே குமட்டியது. அதற்கான முடிக்கட்டைக் கொண்டுவந்தவன் வழக்கமான தரகன்தான். யாருடைய முடிடா என்று கேட்டதற்கு, "தலை யாருதுன்னு பாத்தா தொழில் பண்ண முடியுமாக்கா" என்று சிரித்துவிட்டுப் போனான். கறுகறுவென்று, அடர்த்தியாக, பார்க்க அருமையான முடி. ஆனால் விற்பனைக்கு வருவது வெட்டிய முடி. வெட்டிய முடிக்கு வேர் இருக்காது. இந்தக் கட்டில் ஒவ்வொரு முடிக்கும் வேர் இருந்தது. அடியில் வெள்ளையாகக் குட்டியாக ஒரு குமிழ். எத்தனை தரம் வெந்நீரில் அலசிக் காயப் போட்டாலும் அந்தக் குமிழ்கள் மட்டும் காயவேயில்லை. விரலில் ஈரமாக நசுங்கின. வேண்டாம் என்று அன்றைக்கே திருப்பிக் கொடுத்திருக்கவேண்டும். நல்ல முடியாயிற்றே என்ற ஆசையில் வேர்களை நறுக்கி எறிந்துவிட்டுக் கட்ட ஆரம்பித்தாள். கட்டி முடித்து மரத்தலையில் மாட்டி, முன்முடியைப் புருவத்துக்கு மேலே ஒரே நேராக வெட்டிவிட்டாள். மறுநாள் காலை அது புருவத்தை மூடியிருந்தது. நம் கண்தான் சரியில்லை என்று மறுபடி வெட்டினாள். அதற்கு மறுநாளும் வெட்டினாள். நேற்று வெட்டும்போது அதைப் பற்றி யோசிக்கவே கூடாது என்று வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டாள்.

சென்சார் ஒட்டிய நாளிலிருந்து வீட்டில் ஒரு நல்ல செய்தியும் இருந்தது. அவருடைய சர்க்கரை இறங்கிக்கொண்டே வந்தது. எதைத் தின்றாலும் ஏறவில்லை. முதலில் தேநீரில் ஒரு கரண்டி சர்க்கரை போட்டுப் பார்த்தார். பிறகு பிஸ்கட். பிறகு ஜாம் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கரண்டியால் வழித்துத் தின்ன ஆரம்பித்தார். "நோய் நம்மளைப் பாத்துப் பயந்து ஓடிருச்சு" என்றார். ஆள் மட்டும் இளைத்துக்கொண்டே வந்தார். சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடியது. இன்னொரு பழக்கமும் புதிதாக வந்திருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே கையைத் தூக்கி, நெற்றியில் விழுந்ததை ஒதுக்கிவிடுகிற மாதிரி விரலை ஓட்டுவார். வழுக்கை நெற்றியில் ஒதுக்க என்ன இருக்கிறது? அவள் முதல் தடவை விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்தடுத்த தடவைகளில் சிரிப்பு வரவில்லை.

மகள் போனில் வந்தாள். வேறு ஊரில் நர்ஸாக இருக்கிறவள். அப்பாவின் அளவு அவளுடைய போனிலும் வந்துகொண்டே இருக்கும்படி செய்து வைத்திருந்தாள்.

"எண்ணெய் தடவி ஊற விட்டீங்களாம்மா?"

"ஊறிட்டிருக்கு."

"மேல தூக்கிப் பிய்க்காதீங்க. ஒரு கையால தோலை அமுக்கிக்கிட்டு, ஒட்டை மடக்கி மடக்கி, தோலோட படிஞ்சாப்பல எடுங்க. அது முழுக்க வந்துட்டா வட்டம் தன்னால வந்துரும். உள்ள ஊசி எல்லாம் கிடையாது. சின்ன இழை. உங்க சுண்டுவிரல் நகத்தளவுகூட இருக்காது."

"முடி மாதிரி இருக்குமா?"

"முடி மாதிரிதான். ஏன்?"

"ஒன்னுமில்ல."

"நேத்தோட அதுக்கு நாள் முடிஞ்சுதும்மா. ஆனா இன்னும் நம்பர் வந்துட்டே இருக்கு. இறங்கிட்டே வேற இருக்கு. அப்பா பக்கத்துல இனிப்பு எதாவது வச்சுக்கோங்க."

"அவரே பாட்டிலோடதான் உக்காந்திருக்கார்."

மகள் சிரித்தாள். டூட்டி இருக்கிறது, முடிந்ததும் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டாள்.

அவர் சாப்பாட்டு மேஜை நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து, பனியனோடு கையை முதுகுச் சட்டத்தின் மேல் போட்டிருந்தார். மறு கையில் ஜாம் பாட்டில். அவள் மேஜை விளக்கை இழுத்துக் கிட்டத்தில் வைத்தாள். பஞ்சு, எண்ணெய்க் கிண்ணம், பசை கரைக்கிற திரவம், அவளுடைய சின்னக் கத்தரி. எண்ணெய் ஒட்டுத் துணிக்குள் ஊறி, அதன் வெள்ளையைப் பழுப்பாக்கியிருந்தது. ஓரத்தை நகத்தால் நெருடினாள். நெருடிக்கொண்டே இருந்தாள். ஒரு மூலை கிளம்பியது. அடியில் பசை மூக்குச்சளி மாதிரி நூல் நூலாக நீண்டது. தோலை அமுக்கிக்கொண்டு மகள் சொன்னபடி மடக்கி மடக்கி எடுத்தாள். ஒவ்வொரு நூலும் அறுகிறபோது சின்னதாக ஒரு சத்தம் கேட்டது.

அடியில் இருந்த தோலைப் பார்த்ததும் அவளுக்குக் குமட்டலில் வாயில் எச்சில் ஊறிக்கொண்டு வந்தது. கருமம், இதை நாம் வேறு யாருக்காவது செய்வோமா என்று நினைத்தாள். நாளெல்லாம் தண்ணீரில் கிடந்த விரல் மாதிரி வெளுத்து, சுருங்கி, உப்பிப் போயிருந்தது. அதன் மேல் வெட்டுத் துண்டு முடிகள். புருவமயிர் நீளத்தில், கறுப்பாக, பசையோடு பசையாக எல்லாத் திசையிலும் படிந்து கிடந்தன. பிரஷிலிருந்து வந்தவை, நம் தப்புதான், துடைத்தால் போய்விடும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு பஞ்சை எண்ணெயில் முக்கித் துடைத்தாள். படிந்து கிடந்த முடிகள் பஞ்சு போன பக்கம் சாய்ந்தன. பஞ்சை எடுத்ததும் மறுபடி நிமிர்ந்தன.

பஞ்சில் ஒன்றுகூட வரவில்லை.

"என்னாச்சு? சத்தத்தையே காணோம்."

"கொஞ்சம் பேசாம இருங்க."

"டோப்பா மகாராணி பயந்துட்டாங்களா?"

"வாயை மூடிட்டு ஜாமைத் தின்னுங்க."

ஒட்டு முழுவதும் சுற்றி வந்துவிட்டது. நடுவில் வட்டம் மட்டும். அதை இரண்டு விரலால் பிடித்து மெதுவாகத் தூக்கினாள். தூக்கினால் தோலும் சேர்ந்து கூடாரம் போல எழுந்தது. இன்னும் கொஞ்சம். பிளக் என்று ஏதோ விட்டது. வட்டம் கையோடு வந்தது. அதன் நடுவிலிருந்து இழை தொங்கியது. சுண்டுவிரல் நகத்தளவு. மகள் சொன்ன அதே அளவு. அவளுக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

இழை அங்கே முடிந்தது. ஆனால் அதன் நுனியில் ஒரு முடி கட்டியிருந்தது. முடியின் மறுபக்கம் தோலுக்குள் இருந்தது.

அவள் விளக்கை இன்னும் கிட்டே இழுத்தாள். கட்டியிருந்த முடிச்சைப் பார்த்தாள். ஒரு தரம் சுற்றி உள்ளே இழுத்த ஒற்றை முடிச்சு. வலைத் துணியில் அவள் நாளெல்லாம் போடுகிற முடிச்சு. இழுப்பைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்து முடிக்கிற பழக்கம் அவளுக்கு மட்டும்தான் உண்டு. இதுவும் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

"எடுத்துட்டியா?"

"வந்துருச்சு. கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருக்கு." முடிச்சோடு வட்டத்தை எண்ணெய்க் கிண்ணத்துக்குள் போட்டுவிட்டு முடியைப் பிடித்தாள்.

அவள் இழுத்தாள். முடி வந்தது. விரல் நீளம் வந்தது. ஜாண் நீளம் வந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. அதன் மேல் மஞ்சளாக ஒரு நீர் வழிந்து அவள் உள்ளங்கைக்குள் இறங்கியது. வாடை மூக்கை அடைத்தது. விட்டுவிடலாம் என்று தோன்றியது. விட்டால் உள்ளே போய்விடுமோ என்றும் தோன்றியது. பழகிய கை, அவளைக் கேட்காமலேயே, வந்த முடியை இரண்டு விரல்களில் சுற்றிக்கொண்டே போனது. சுற்றின் மேல் சுற்று. முடி தீரவில்லை.

"தோள்பட்டைக்குள்ள என்னமோ ஓடுது," என்றார். குரலில் இன்னும் சிரிப்பு இருந்தது. "கூசுதுடி."

அவள் இழுத்தாள்.

"இப்ப கழுத்துல."

அவள் இழுத்தாள்.

"நில்லு. நில்லு. நாக்கு இழுக்குது."

அவள் நிறுத்தினாள். அவர் வாயைத் திறந்து நாக்கை நீட்ட முயன்றார். நாக்கின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. உள்ளேயிருந்து நூலால் இழுத்துப் பிடித்த பள்ளம்.

மேஜையிலிருந்த போன் அலறியது. சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டால் வருகிற அலறல். வட்டம் எண்ணெய்க் கிண்ணத்துக்குள் கிடக்கிறது. அது தோலில் இல்லை. போன் எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க இறங்கிக்கொண்டிருந்தது. அவர் முகம் வேர்த்தது. கண் சொருகியது. பாட்டில் கையிலிருந்து சரிந்தது. அவள் முடியைச் சுற்றிய கையை விடாமல், மறு கையால் கரண்டி நிறைய ஜாமை எடுத்து அவர் வாயில் திணித்தாள்.

"முழுங்குங்க. என்னைப் பாருங்க. முழுங்குங்க."

விழுங்கினார். தொண்டையில் ஜாம் இறங்கியது. அவள் விரல்களில் முடி ஒரு தரம் துடித்தது. இன்னொரு கரண்டி கொடுத்தாள். மறுபடி துடித்தது. எண் ஏறவில்லை. யாருக்கு ஊட்டுகிறோம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அழுகையும் ஓங்கரிப்பும் சேர்ந்து வந்தன.

ஒரு முடியில் எது வேர்ப் பக்கம், எது நுனிப் பக்கம் என்று தெரிய அவள் தொழிலில் ஒரு வழி உண்டு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினால் முடி தானாக நகரும். நகர்கிற திசைதான் வேர். அவள் உருட்டினாள். பிரஷிலிருந்து உள்ளே போன முடிதானே, உள்ளே வேர் இருக்காது, கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும் என்று வேண்டிக்கொண்டு உருட்டினாள்.

முடி அவருடைய கையை நோக்கி நகர்ந்தது.

இதுவரை வந்ததெல்லாம் நுனி. வேர் உள்ளே இருந்தது.

கத்தரியை எடுத்தாள். தோலை ஒட்டி வைத்தாள். வெட்டினாள்.

மிச்சம் உள்ளே போயிற்று. நூடுல்ஸை உறிஞ்சுகிற மாதிரி, ஒரே இழுப்பில். துளையில் ஒரு எண்ணெய்க் கொப்புளம் எழுந்து உடைந்தது. பிறகு துளையையே காணோம்.

அலறல் நின்றது.

அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். மூச்சு வந்துகொண்டிருந்தது. மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே அவள் நாற்காலியைப் பிடித்தபடி நின்றாள். மழைச் சத்தம் மட்டும்.

"என்னங்க."

அவள் அவருடைய தோளைத் தொட்டாள்.

"என்னங்க. கண்ணாடி."

அந்தப் பெயருக்கு எப்போதும் சிரிப்பவர். சிரிக்கவில்லை. தலையெல்லாம் வியர்வை முத்து முத்தாக நின்றது. அவள் துண்டை எடுத்து அந்த வழுக்கையைத் துடைத்தாள்.

துண்டு சிக்கியது.

விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். வியர்வை இல்லை. தோலுக்கு அடியிலிருந்து முட்டிக்கொண்டு நின்ற கறுப்புப் புள்ளிகள். வரிசை வரிசையாக. நெற்றி ஓரத்தில் ஒற்றை ஒற்றையாக. உள்ளே போகப் போக இரட்டை இரட்டையாக. இடப்பக்கம் வகிடு. அவள் கட்டுகிற வரிசை. அவள் எடுக்கிற வகிடு.

போனில் மகளிடமிருந்து செய்தி வந்து விழுந்தது. "நம்பர் ஏறிடுச்சும்மா. இவ்ளோ நல்லா இருந்து நான் பாத்ததே இல்ல. இன்னும் கழட்டலையா?"

 அவள் போனை எடுக்கக் கையை நீட்டினாள். விரல்களில் சுற்றியிருந்த வெட்டுத் துண்டு இறுகியது.

புள்ளிகள் வெளியே வந்தன. எல்லாம் ஒன்றாக. ஈரமாக. சத்தமில்லாமல். நெற்றியைத் தாண்டி, புருவத்தைத் தாண்டி இறங்கின. அவற்றின் நுனிகள் ஒரே நேராக இருந்தன. நேற்று அந்த விக்கின் முன்முடியை அவள் கத்தரியால் வெட்டிவிட்ட அதே நேர்.

அவர் மெதுவாகக் கையைத் தூக்கினார். கண்ணில் விழுந்த முடியை விரலால் ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் செருகினார். பிறகு, அவளைப் பார்த்தபடியே, மேஜையில் ஜாம் பாட்டில் எங்கே என்று மறு கையால் தடவித் தேட ஆரம்பித்தார்.